பழைய டீசல் மோட்டார்ஹோம்: லித்தியத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை

கேட்டிருப்பது இதுதான்: அமெரிக்காவில் 1996-இல் வெளிவந்த 36 அடி டீசல் மோட்டார்ஹோம். என்ஜின் பின்னால் இருக்கிறது. கம்மின்ஸ் 5.9 லிட்டர், 12 வால்வு, 230 குதிரைத்திறன், அலிசன் கியர் பாக்ஸ். கொலராடோ மலைச்சாலையில் ஏறும்போது சூடு முள் சிவப்பை நோக்கிப் போகிறது. இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் காலையில் ஸ்டார்ட் ஆக நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. உள்ளே இருக்கும் பேட்டரிகள் ஓர் இரவுகூடத் தாங்குவதில்லை. லித்தியம் பேட்டரியும் சோலாரும் போட்டுவிடலாமா, அல்லது வேறு எதில் தொடங்க வேண்டும்?

லித்தியம் கடைசியில் வரட்டும். முதல் இரண்டு கோளாறுக்கும் காரணம் இந்த வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. என்ஜினும் ரேடியேட்டரும் வண்டியின் வால்பக்கம். டீசல் டேங்கோ பெரும்பாலும் முன் அச்சை ஒட்டி. லாரியில் ரேடியேட்டர் எதிர்க்காற்றை நேராக வாங்கும். இங்கே வண்டிக்கு அடியில் கிளம்பும் தூசியையும் ஈரத்தையும் ஃபேன் இழுத்துத் தள்ளுகிறது. லாரியில் டீசல் இரண்டு மீட்டர் வந்தால் போதும். இங்கே ஏழெட்டு மீட்டர் உறிஞ்சப்பட்டு வர வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் எங்கே தேடுவது என்பது தானாகத் தெரியும்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஏர் பையின் மேல் நிற்கும் இந்த வண்டி, ஏர் இறங்கினால் சில நொடிகளில் தரையோடு உட்கார்ந்துவிடும். சமன்செய்யும் ஹைட்ராலிக் ஜாக்கிகளை நம்பி அடியில் படுக்கவே கூடாது. சட்டத்துக்கு அடியில், எடைக்கு ஏற்ற இரும்பு ஸ்டாண்டு நான்கு கொடுத்து, வண்டியை அவற்றின் மேல் இறக்கிய பிறகுதான் உள்ளே போக வேண்டும். இப்படிப் படுத்து நசுங்கி உயிர்விட்டவர்கள் உண்டு.

முதலில் சூடு. இந்த வயது வண்டியில் மேடு ஏறும்போது மட்டும் சூடு ஏறினால், தெர்மோஸ்டாட்டையும் வாட்டர் பம்பையும் குறை சொல்வதற்கு முன் இன்டர்கூலரின் (ரேடியேட்டரை ஒட்டி என்ஜின் பக்கம் நின்று, டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) முகத்தைப் பாருங்கள். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் ரேடியேட்டர் சுத்தமாகத்தான் தெரியும். அதைப் பார்த்து ஏமாறுபவர்கள் ஏராளம். அழுக்கு சேருவது காற்று நுழையும் பக்கத்தில், அதாவது என்ஜினைப் பார்த்த பக்கத்தில். படுக்கைக்கு அடியில் இருக்கும் மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, ஃபேன் இறக்கைகளுக்கு இடையே பாருங்கள். கருப்பு கம்பளி விரித்தது போல் இருந்தால் காரணம் அதுதான்.

அந்தக் கம்பளி உருவாகும் விதம் எளிது. என்ஜினின் ப்ரீதர் குழாயிலிருந்து (கிராங்க்கேஸின் அழுத்தத்தை வெளியேற்றும் மூச்சுக்குழாய்) வரும் ஆயில் ஆவி, குழாயின் வாய் ஃபேனுக்கு முன்னால் முடிவதால், நேராக இன்டர்கூலர் மேல் அடிக்கப்படுகிறது. ஆயில் ஒட்டிய இடத்தில் தூசி ஒட்டுகிறது. ஆகவே கழுவுவதோடு விட்டால் அடுத்த வருடமும் இதே வேலைதான். குழாயையும் மாற்ற வேண்டும்.

கழுவுவது என்ஜின் நன்றாக ஆறிய பிறகு. ஆல்டர்னேட்டரையும் திறந்திருக்கும் மின் இணைப்புகளையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள். அலுமினியத்தை அரிக்காத டிகிரீசராகப் பார்த்து வாங்குங்கள். காஸ்டிக் கலந்தவை இன்டர்கூலரின் துடுப்புகளைத் தின்றுவிடும். என்ஜின் பக்கத்திலிருந்து தாராளமாக அடித்து, காய விடாமல் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு தோட்டக் குழாயின் சாதாரண அழுத்தத்தில் பின்பக்கத்திலிருந்து என்ஜின் பக்கமாகத் தண்ணீர் பாய்ச்சுங்கள். அழுக்கு வந்த வழியே வெளியேற வேண்டும் என்பதால்தான் இந்தத் திசை. அடுத்து எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு முறை. பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். துடுப்புகள் மடங்கிவிட்டால் அழுக்கை விட மோசமான அடைப்பு அது. வடியும் தண்ணீர் தெளிவாகும் வரை மூன்று நான்கு முறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். கடைசியில் என்ஜினை ஓடவிட்டு உலர்த்துங்கள்.

ப்ரீதர் குழாயை ஆயில் தாங்கும் ஹோஸ் கொண்டு நீட்டி, ரேடியேட்டரின் அடிவிளிம்பைத் தாண்டி, ஃபேன் காற்று தொடாத இடத்தில் முடியுங்கள். உள்விட்டத்தைச் சுருக்காதீர்கள். குழாய் தொடர்ந்து கீழ்நோக்கிச் சரிய வேண்டும். நடுவில் தொய்வு இருந்தால் அங்கே தண்ணீர் தேங்கி, குளிர்காலத்தில் உறைந்து வாயை அடைக்கும். அப்போது கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் கசியத் தொடங்கும். ஆயிலையும் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்ற வேண்டாம். அதிகமாக ஊற்றினால் அதிகமாகத் துப்பும், அவ்வளவுதான்.

கழுவியும் குறையவில்லை என்றால் இன்டர்கூலர் கசிவைச் சோதியுங்கள். இரண்டு வாயையும் அடைத்து 30 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, காற்றை நிறுத்திப் பாருங்கள். 15 நொடியில் 7 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் அது மாற்ற வேண்டியது. அடைப்பான்களைச் சங்கிலியால் கட்டாமல் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். கழன்றால் தோட்டா போல் பறக்கும். கசியும் இன்டர்கூலரால் சிலிண்டருக்குக் காற்று குறைகிறது, கரும்புகை வருகிறது, எக்ஸாஸ்ட் சூடு ஏறுகிறது. டர்போவுக்கு முன்னால் ஒரு பைரோமீட்டர் (எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டும் மீட்டர்) வைப்பது இந்த என்ஜினுக்கு நீங்கள் செய்யும் மிகச் சிறந்த செலவு. நீண்ட ஏற்றத்தில் 1,200 ஃபாரன்ஹீட்டைத் தாண்டவிடாமல் ஓட்டுங்கள். கொலராடோவின் ஐசன்ஹோவர் சுரங்கம் போன்ற இடங்களில் சாலையே 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. காற்று மெலிந்த அந்த உயரத்தில் கூலன்ட் முள்ளுக்கு முன்பே இந்த முள் பேசும்.

ஓட்டும் முறையும் பாதி மருந்து. வேகம் விழும்வரை காத்திராமல் முன்கூட்டியே ஒரு கியர் இறக்கி, என்ஜினை 2,200–2,400 சுற்றில் வையுங்கள். இதன் உச்சச் சுற்று 2,500. சுற்று ஏறினால் வாட்டர் பம்பும் ஃபேனும் வேகமாகச் சுழலும். 1,600 சுற்றில் ஆக்சிலரேட்டரை அழுத்தி முனகவிடுவதுதான் சூட்டை ஏற்றும்.

கூலன்ட் பற்றி ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. சிலிண்டர் லைனரில் பொத்தல் விழும், அதனால் சேர்மானப் பொருளைக் கொட்டு என்று சொல்வார்கள். அது 8.3 லிட்டர் போன்ற, வெட் லைனர் (கூலன்ட் நேராகத் தொடும் தனி சிலிண்டர் உறை) உள்ள என்ஜின்களுக்கு உயிர்ப் பிரச்சினை. உங்கள் 5.9-இல் லைனரே கிடையாது. பிளாக்கிலேயே சிலிண்டர் குடையப்பட்டிருக்கிறது. ஆனாலும் அரிப்பைத் தடுக்க டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் பார்த்து அளவோடு வைத்திருங்கள். அளவுக்கு மீறி ஊற்றினால் அது படிந்து ரேடியேட்டரை அடைக்கும்.

இனி காலை ஸ்டார்ட். நிறுத்தி வைத்தால் மட்டும் தொல்லை, ஓடிக்கொண்டிருக்கும்போது நன்றாகவே ஓடுகிறது என்றால் லைன் ஏர் பிடிக்கிறது. டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை இழுத்துத் தரும், என்ஜினில் உள்ள பம்ப்) வரை உள்ள பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே ஹோஸில் மயிரிழை விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாமல் காற்று உள்ளே போகும். அதனால்தான் எவ்வளவு தேடினாலும் ஈரம் தென்படுவதில்லை. இரவில் லைனில் நிற்கும் டீசல் மெல்லப் பின்வாங்கி டேங்க்குக்குப் போய்விடுகிறது.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு சோதனை போதும். சுத்தமான டீசல் 20 லிட்டர் கேனை என்ஜின் அருகில் வையுங்கள். ஃபீட் பம்ப்பின் உள்வாய்க்குக் குட்டையான புது ஹோஸ் கொடுத்து கேனில் விடுங்கள். ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனில் விட மறக்கக் கூடாது. ஃபீட் பம்ப்பில் உள்ள பொத்தானை அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றி, ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இரண்டு நாள் கழித்து முதல் சுற்றிலேயே பிடித்தால் பம்ப் மேல் பழியில்லை. நீண்ட லைன்தான் குற்றவாளி. அப்போதும் பிடிக்கவில்லை என்றால் ஃபீட் பம்ப்பின் வால்வையும், அதற்குப் பின்னால் உள்ள இணைப்புகளையும் பாருங்கள்.

லைனை மாற்றும்போது முழுவதையும் மாற்றுங்கள். ஓர் இடத்தில் விரிந்த 30 வயது ரப்பர் மற்ற இடங்களிலும் விரியும். 2006-இல் அமெரிக்காவில் கந்தகம் மிகக் குறைந்த டீசல் வந்தபோது பழைய ரப்பர் சீல்கள் பல சுருங்கிக் கசியத் தொடங்கின. பயோடீசல் கலவையும் பழைய ரப்பருக்கு ஆகாது. டீசலுக்கென்று முத்திரையிட்ட ஹோஸ், அதே உள்விட்டத்தில், புது கிளாம்போடு. ஜெனரேட்டரின் லைனும் அதே டேங்க்கிலிருந்து வருகிறது. அதையும் கூடவே முடித்துவிடுங்கள். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கும்போது மட்டும் தொல்லை வருகிறது என்றால், டேங்க்குக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாய் துருவேறி ஓட்டையாகியிருக்கலாம். ஹோஸ் மாற்றியும் தீராத வண்டிகளில் இதைத்தான் கடைசியில் கண்டுபிடிப்பார்கள்.

டேங்க் பக்கம் ஒரு எலெக்ட்ரிக் பம்ப் வைத்துத் தள்ளிவிட்டால் தீரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஸ்டார்ட் ஆகும், உண்மைதான். ஆனால் காற்று நுழைந்த அதே விரிசல் வழியாக இனி டீசல் பீய்ச்சும், அதுவும் சூடான என்ஜினுக்கு அருகில். விரிசலை மூடாமல் அழுத்தம் ஏற்றுவது தீயை அழைப்பது.

செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறதா என்பதும் கூடவே பார்க்க வேண்டியது. ஸ்டார்ட் பேட்டரி என்ஜினிலிருந்து தள்ளி இருந்தால் கேபிள் நீளம். ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லி, பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் பாசிட்டிவ் போல்ட்டுக்கும் இடையே மீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளோ லக்கோ அரித்திருக்கிறது. எர்த் பக்கத்தையும் அப்படியே பாருங்கள். புது பேட்டரி வாங்கியும் தீராத பல தொல்லைகள் சட்டத்தில் துருப்பிடித்த ஒரு எர்த் போல்ட்டில் முடிந்திருக்கின்றன.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் சொல்லியே ஆக வேண்டும். 12 வால்வு 5.9-இல் டைமிங் கியர் வீட்டை (கியர்கள் அமர்ந்திருக்கும் உறை) பிளாக்கோடு நேர்ப்படுத்த, விரல் நுனியளவே உள்ள டவல் பின் என்ற ஓர் இரும்பு முளை இருக்கிறது. வருடக்கணக்கான அதிர்வில் அது மெல்ல வெளியே நகர்ந்து கியர்களுக்கிடையே விழலாம். விழுந்தால் வீடு உடையும், கேம்ஷாஃப்ட் கெடும், சில நேரம் என்ஜினே போகும். அறிகுறி எதுவும் முன்னால் தராது. ஓட்டுபவர்கள் அதைக் கொலைகாரப் பின் என்றே அழைக்கிறார்கள். பரிகாரம் மலிவு: அருகிலுள்ள போல்ட்டுக்கு அடியில் ஒரு சிறு இரும்புத் தகடு வைத்துப் பின்னின் வாயை மறைப்பது. வேலைதான் அதிகம். பெல்ட், ஃபேன், டேம்பர் எல்லாம் கழற்றி டைமிங் கவரைத் திறக்க வேண்டும். ரேடியேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே கைவிட இடம் குறைவு. முந்தைய உரிமையாளரிடம் செய்ததற்கான ரசீது இல்லையென்றால் செய்யப்படவில்லை என்றே கொள்ளுங்கள். திறக்கும்போது அந்த வீட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, நீல நிற லாக்டைட் போட்டு, மேனுவலில் உள்ள டார்க்கில் முடுக்குங்கள். கிராங்க் முன் சீலும் கவர் கேஸ்கெட்டும் புதிதாகப் போடுங்கள். இன்டர்கூலர் கழுவுவதையும் அதே நாளில் வைத்துக்கொண்டால் ஒரே உழைப்பில் இரண்டு வேலை.

பாகம் வாங்கும்போது வண்டியின் வருடத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள். என்ஜினின் தகட்டில் சீரியல் எண்ணும் சிபிஎல் எண்ணும் (என்ஜினின் பாகப் பட்டியல் எண்) இருக்கும். சீரியல் எண்ணை வைத்துக் கேட்டால்தான் சரியான பாகம் வரும். 1996 வண்டியில் 1995 என்ஜின் இருப்பது சாதாரணம்.

டேப்பட் சரிசெய்வது இந்த என்ஜினில் நீங்களே ஒரு காலைப் பொழுதில் முடிக்கக்கூடியது. என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். இன்டேக் 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.020 அங்குலம். முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் உச்சியில் நிற்கும்போது 1, 2, 4 இன்டேக், 1, 3, 5 எக்ஸாஸ்ட். கிராங்கை ஒரு முழுச் சுற்று திருப்பி 3, 5, 6 இன்டேக், 2, 4, 6 எக்ஸாஸ்ட். ஃபீலர் கேஜ் லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். நட்டை முடுக்கிய பிறகு மறுபடி பாருங்கள், முடுக்கும்போது அளவு நகரும்.

பிரேக்கும் டயரும் மலைக்குப் போகும் முன் கட்டாயம். ஏர் பிரேக் வண்டி என்றால், என்ஜினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து (சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுத்தான்) ஒரு நிமிடம் பாருங்கள்: 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. பெடலை அழுத்திப் பிடித்தால் நிமிடத்துக்கு 3. 60 பிஎஸ்ஐக்கு இறங்கும் முன் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும். ஏர் டேங்க்கைத் திறந்துவிட்டால் தண்ணீரும் எண்ணெயும் வருகிறதா? அப்படியானால் ஏர் டிரையரின் கார்ட்ரிட்ஜ் ஆயுள் முடிந்தது. ஸ்லாக் அட்ஜஸ்டர் (பிரேக் தேய்மானத்தை ஈடுகட்டும் கைப்பிடி) ஆட்டோமேட்டிக் வகை என்றால் கையால் முடுக்கிச் சரிக்கட்ட வேண்டாம். அது தானாகச் சரியாகவில்லை என்பதே அதில் கோளாறு என்பதற்கு அடையாளம். பின்சக்கர ஸ்பிரிங் பிரேக் சேம்பரை ஒருபோதும் பிரிக்காதீர்கள். உள்ளே அழுந்தியிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும்.

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கம் வாரமும் வருடமும். 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். மேல் ரப்பர் தேயாமல் எவ்வளவு மீதமிருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரைக் கழற்றிவிடுங்கள். இந்த வண்டிகளில் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்று வெயிலில் சாகிறது. முன் டயர் வெடித்தால் ஓட்டுநர் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். காற்று அளவைப் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து வைக்காமல், நான்கு மூலையும் எடை போட்டு, டயர் நிறுவனத்தின் அட்டவணைப்படி வையுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு லித்தியம். ஆனால் முதலில், இப்போதிருக்கும் பேட்டரி ஏன் தாங்கவில்லை என்று பாருங்கள். வழக்கமாக ஆறு வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரி நான்கு இருக்கும். 12 வோல்ட்டில் சுமார் 440 ஆம்பியர் மணி, அதில் பாதியைத்தான் எடுக்கலாம். பழைய சார்ஜர் ஒரே வோல்ட்டில் ஓயாமல் ஏற்றிக்கொண்டிருந்தால் தண்ணீர் கொதித்து வற்றிப் பேட்டரி செத்திருக்கும். அந்தச் சார்ஜரை மாற்றாமல் புது பேட்டரி வைத்தால் அதுவும் அதே வழியில் போகும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் போடுவதென்றால் மூன்று விஷயம் கூடவே மாற வேண்டும். ஒன்று சார்ஜர்: சுமார் 14.4 வோல்ட் வரை ஏற்றி, வெப்பநிலைத் திருத்தமும் ஈக்வலைஸும் (பழைய வகைப் பேட்டரிக்கு அவ்வப்போது கூடுதல் வோல்ட் கொடுப்பது) இல்லாத அமைப்பு வேண்டும். இரண்டாவது, ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் ஆகும் வழி. லித்தியம் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். ரிலே வழியே நேராக இணைத்தால், என்ஜின் ஐட்லிங்கில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் முழுச் சுமையில் வெந்துவிடும். டையோடு ஐசோலேட்டர் என்றால் 0.7 வோல்ட் அதிலேயே போய்விடும். இரண்டையும் கழற்றிவிட்டு 40 அல்லது 60 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் (ஆல்டர்னேட்டரிலிருந்து அளவோடு மட்டும் எடுத்து ஏற்றுவது) வையுங்கள். மூன்றாவது, ஃபியூஸ்: லித்தியத்தின் ஷார்ட் சர்க்யூட் கரன்ட்டைச் சாதாரண ஃபியூஸால் அறுக்க முடியாது. கிளாஸ் டி (Class T) ஃபியூஸ், பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குக் கைநீளத்துக்குள். 2,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 190 ஆம்பியர் வரை இழுக்கும். 4/0 அளவுள்ள தடித்த கேபிள் போட்டு, இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு ஒட்டியே வையுங்கள். உறைநிலைக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்தால் செல் நிரந்தரமாகக் கெடும். கொலராடோவில் வெளிப்பெட்டியில் வைப்பதானால் உள்சூடேற்றி உள்ள பேட்டரியாக வாங்குங்கள்.

400 வாட் சோலார் கோடையில் நல்ல நாளில் 100 ஆம்பியர் மணிக்கு மேல் தரும்; ஏசி ஓட்ட அது காணாது. பலகை பொருத்தும்போது கூரையில் துளை போட வேண்டும். உங்கள் கூரை ரப்பர் வகை என்றால் சிலிகான் தடவ வேண்டாம். அது ரப்பரில் சரியாக ஒட்டாது. பிறகு அதன் மேல் வேறு எதுவும் ஒட்டாது. கீழே பியூட்டைல் டேப், மேலே ரப்பர் கூரைக்கென்று வரும் தானே சமன்படும் சீலன்ட். ஒவ்வொரு ஸ்குரூ தலையையும் அது மூட வேண்டும். பலகை பொருத்த ஏறும் அதே நாளில் மற்ற விளிம்புகளையும், ஏசி, வென்ட் சுற்றிய சீலன்ட்டையும் விரலால் அழுத்திப் பாருங்கள். வெடித்திருக்கும் இடங்களை அப்போதே மூடிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.